கை மட்டும் வரலாம்

மலையாளத் தலைநகரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் வாழும் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களின் அடுத்த நூறு ஆண்டு எதிர்காலம் ஒரே ஒரு பெண்ணின் வலது கையில் இருக்கிறது என்று, வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுவிழா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார் தலைவர் சிவதாணு பிள்ளை. குலம், சந்ததி, தர்மம் என்று மூன்று சொற்களையும் தனித்தனியாக நிறுத்திச் சொன்னார். சபை முழுவதும் திரும்பி அந்தக் கையைப் பார்த்தது. கையில் அப்போது ஒரு பழம்பொரி இருந்தது. பாதி தின்றது.

கைக்குச் சொந்தக்காரி திவ்யலட்சுமி, முப்பத்து நான்கு வயது, ஒரு வெல்ல மண்டியின் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பாள். மாடிக்கு வருகிறவர்களை உட்கார வைத்தும் எடுப்பாள். வீட்டில் பிள்ளைக்கு வரன் பார்க்கத் தொடங்கியவர்கள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அதே ஆட்டோவில் நேராக அவள் மாடிக்கு வருவார்கள். அவள் எடுத்த படம் போனால் சம்பந்தம் கூடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. கைராசி என்றார்கள். செவ்வாய் தோஷக்காரிக்குக் கூடியது. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத மிளகுக் கடைக்காரர் மகனுக்குக்கூடக் கூடியது. அவன் சம்மதம் சொன்னானா என்பது பற்றி மட்டும் இரண்டு கருத்து இருந்தது.

திவ்யாவுக்கு இதில் பெரிய ரகசியம் எதுவும் தெரியவில்லை. வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. உடன் வந்த அம்மாவைக் கீழே வெல்லத்தின் விலை விசாரிக்க அனுப்பிவிடுவாள். அம்மா படியிறங்கியதுமே எந்த முகமும் பாதி சரியாகிவிடும் என்பது அவள் அனுபவம்.

அவளுடைய சொந்தக் கல்யாணம் இரண்டே வருடத்தில் கோர்ட்டில் முடிந்திருந்தது. இதனால் கைராசிக்குப் பங்கம் வந்துவிடவில்லை. அவளைப் பெண் கேட்டபோது அனுப்பிய படத்தை எடுத்தது நாகர்கோவிலில் வேறு யாரோ என்பதைச் சங்கத்தார் விசாரித்து உறுதி செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அதே சங்கத்தார் வீட்டுக் கல்யாணங்களில், முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், பெரியவர் ஒருவர் அவளருகே வந்து மிகுந்த பாசத்தோடு, “மக்ளே, நீ காலையிலேருந்து நிக்கே. போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா” என்பார். தாலி ஏறும் நேரத்தில் எதிரே வாழாவெட்டி நிற்கக் கூடாது என்பதை ஆரியசாலை அவ்வளவு நாகரிகமாகத்தான் சொல்லும். அவள் சாப்பாட்டுக் கூடத்தில் சாயாவோடு உட்கார்ந்திருக்க, அவளிடம் வீடியோ எடுக்கும் ஸ்ரீகுமார் வீடியோவையும் ஓடவிட்டுத் தாலிப் படத்தையும் எடுப்பான். சாயாவுக்குச் சர்க்கரை தாராளமாகப் போட்டிருப்பார்கள்.

விவாகரத்து ஆனதிலிருந்து இதுதான் நடந்தது. ஊரிலேயே பேர் பெற்ற கல்யாண போட்டோகிராபர், தாலி கட்டும் படம் ஒன்றைக்கூடத் தன் கையால் எடுத்ததில்லை. அவளுடைய இணையப் பக்கத்தில் மருதாணி இருந்தது, மாலை மாற்றுவது இருந்தது, பாயசம் குடிக்கும் மாமனார் இருந்தார். தாலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு இருந்தது.

இனி சாயா குடிப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்த வாரத்தில்தான் சிவதாணு பிள்ளை மாடியேறி வந்தார். கூடவே சங்கச் செயலாளர் தாணுலிங்கம். சிவதாணு பெருங்காய மொத்த வியாபாரி. அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வரும். தாணுலிங்கம் சமரச வல்லுநர். எந்தச் சண்டையையும் தீர்த்து வைத்ததாக வரலாறு இல்லையென்றாலும், எல்லாச் சண்டைக்கும் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்.

“அடுத்த மாசம் நம்ம ஜானவிக்கு முகூர்த்தம் மக்ளே. கரமனையில மண்டபம் எடுத்தாச்சு,” என்றார் சிவதாணு. ஜானவி அவர் மகள் வயிற்றுப் பேத்தி. திவ்யா எடுத்த படம்தான் மாப்பிள்ளை ராகேஷ் வீட்டுக்குப் போயிருந்தது. “சம்பந்தியம்மா நீலாம்பாள் ஒரே பிடியாட்டு நிக்கா. படம் எடுத்த பிள்ளைதான் கல்யாணத்தையும் எடுக்கணுமாம். நானும் அதையேதான் சொன்னேன்.”

“வாறேன் மாமா. ஒரு காரியம். தாலி கட்டுததையும் நான்தான் எடுப்பேன். சாயா வேண்டாம்.”

சிவதாணு கூரையைப் பார்த்தார். தாணுலிங்கம் சிவதாணுவைப் பார்த்தார்.

“அதுக்கென்ன, ஸ்ரீகுமாரு உண்டுல்லா. பையன் கொள்ளாமே, நல்லா எடுப்பான்,” என்றார் தாணுலிங்கம்.

“அவன் கொள்ளாம். நான் கொள்ள மாட்டேனா?”

“சே, அப்படி ஆரு சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல்ல. அதான் நானே கேக்கேன்.”

“உனக்கக் கையில லெச்சுமி இருக்கு பிள்ளே,” என்று சிவதாணு குரலைத் தாழ்த்தினார். “மைக்குலயே சொன்னேனா, இல்லியா?”

“மைக்குல கையை மட்டும்தான் சொன்னிய. கைக்குப் பின்னால ஒரு ஆளும் உண்டு மாமா. ரெண்டும் ஒண்ணாத்தான் ஆட்டோவுல வரும்.”

தாணுலிங்கம் சிரிக்கத் தொடங்கி, தலைவர் சிரிக்கவில்லை என்று கண்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“எடுத்தா முழுக் கல்யாணமும். இல்லைன்னா வேற ஆளைப் பாருங்கோ,” என்று சொல்லிவிட்டு, திவ்யா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று வீட்டில் அம்மா கோமதியம்மாள் சாப்பாடு போட மறுத்து, பிறகு போட்டாள். “உனக்கு என்னட்டி வீம்பு? அந்த நேரத்துல சும்மா இருந்தா என்ன குறைஞ்சு போவும்? சாயா நல்ல சாயாதானே?”

“சாயா நல்ல சாயாதான்.”

“பொறவு?”

“எனக்குப் படம் எடுக்கணும்மா.”

“அதான் மத்ததெல்லாம் எடுக்கியே.”

“மத்ததுக்கு ஒருத்தரும் கல்யாணம் பண்ணல்ல. அதுக்குத்தான் கல்யாணம் பண்ணுதாவ.”

கோமதியம்மாள் ரசம் ஊற்றினாள்.

சங்கத்தில் கமிட்டி கூடியது. விஷயம் சிக்கலானது. திவ்யாவை விட்டால் சம்பந்தியம்மா கோபிப்பாள். கைராசியையும் பாதியில் கைவிட்டதாகும், அது சந்ததியைப் பாதிக்கலாம். திவ்யாவை விட்டுவிடாமல் மேடையேற்றினால் ஊர் வாயை மூட முடியாது. அந்த ஊர் வாய் பெரும்பாலும் கமிட்டியிலேயே உட்கார்ந்திருந்தது. நெடுநேரம் பேசி, இரண்டு தட்டு உழுந்துவடை தீர்ந்த பிறகு, தாணுலிங்கம் எழுந்து தம் வாழ்நாளின் மிகப்பெரிய தீர்ப்பைச் சொன்னார்.

“அண்ணாச்சி, நமக்குத் தடை முகத்துக்குத்தான். கைக்கு ஒரு தடையும் இல்ல. அப்போ கை மட்டும் வரட்டும்.”

“கை மட்டும் எப்படிவே வரும்?”

“டெக்னோபார்க்குல வேலை பாக்குத எனக்க மருமகன் கேமராவை ஸ்டாண்டுல வச்சிட்டு, போன்ல பட்டனை ஞெக்கி எடுக்கான். ஆளு எங்க வேணும்னாலும் இருக்கலாம். பிள்ளை உள்ளே ஸ்டோர் ரூமுல இருக்கட்டும். ஞெக்குதது அவ கை. மேடையில ஒரு முகமும் இல்ல.”

கமிட்டி அசந்து போனது. ஒருவர் மட்டும், போன் வழியாகக் கைராசி போகுமா என்று சந்தேகம் கேட்டார். பணமே போன் வழியாகப் போகிற காலத்தில் ராசி போகாதா என்று தாணுலிங்கம் திருப்பிக் கேட்டதும் அவரும் அடங்கினார். ஆனாலும் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

சோதனை ஸ்டுடியோவில் நடந்தது. சிவதாணு பட்டு நேரியலைத் தோளில் போட்டு, நாடாளப் பிறந்தவர்போல நாற்காலியில் அமர்ந்தார். கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டு, திவ்யா போனோடு கீழே வெல்ல மண்டிக்கு இறங்கிப் போனாள். மேலே ஆளில்லாத கேமரா தானாகவே க்ளிக் என்றது. சிவதாணு திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, பெரிய உண்மையைக் கண்டவராகச் சொன்னார்:

“கை வந்துட்டு. ஆளு வரல்ல.”

திவ்யா மறுப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை: முக்காலி மணவறைக்கு நேர் எதிரே, நடுவில் நிற்க வேண்டும். கமிட்டி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டது.

ஸ்ரீகுமாருக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் நெடுமங்காட்டுக்காரன், தமிழையும் மலையாளத்தையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவான்.

“சேச்சி எந்தினா சம்மதிச்சது? பலாச்சக்கைக்கும் மாங்காய்க்கும் நடுவுல இருந்து தாலி எடுக்கப் போறீங்களா?”

“முக்காலி முன்னால நிக்கும், இல்லியாடே?”

“நிக்கும்.”

“நான் ஞெக்குத கேமரா இப்பதான் முதல் தடவையா அந்த இடத்துக்குப் போகுது. அது போன இடத்துக்கு நான் போறதுக்கு எவ்வளவு தூரம்?”

“ஆளுகள் மறைச்சு நிப்பாங்க சேச்சி. முக்காலிக்கு வாயில்லல்லோ, மாறி நில்லுன்னு சொல்ல.”

“அதைத்தான் நானும் யோசிக்கேன்,” என்றாள் திவ்யா.

கல்யாணத்தன்று விடியுமுன்பே மண்டபம் நிறைந்துவிட்டது. திவ்யா எல்லாவற்றையும் எடுத்தாள். ஜானவிக்குத் தலை பின்னுவதை எடுத்தாள். சம்பந்தியம்மா நீலாம்பாளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்தைச் சற்றே திருப்பச் சொல்லி எடுத்துக் காட்டினாள். “எம்மா, இது நானா?” என்ற நீலாம்பாள் அதன்பின் எங்கே போனாலும் கழுத்தைச் சற்றே திருப்பியபடியே போனாள்.

முகூர்த்தம் நெருங்கியது. தாணுலிங்கம் வந்து, “மக்ளே, நேரமாச்சு,” என்று மரியாதையோடு அவளை ஸ்டோர் ரூம் வரை கொண்டுபோய் விட்டார். அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார்கள். சுற்றிலும் வாழைக்குலை, பப்படக் கட்டு, தேங்காய்க் குவியல். யாரோ ஒரு நல்ல உள்ளம் அங்கேயும் ஒரு சாயாவைக் கொண்டுவந்து வைத்தது. அவள் அதைத் தொடவில்லை.

போனில் மணவறை தெரிந்தது. தெளிவாக, நேர் நடுவில், ஜானவியும் ராகேஷும். இரண்டு படம் எடுத்தாள். நன்றாக இருந்தன. ஒரு கணம் அவளுக்கே பயமாகிவிட்டது, இது இப்படியே ஒழுங்காக நடந்து முடிந்துவிடுமோ என்று.

அப்புறம் திரை இருண்டது. வெள்ளையாக இருண்டது. ஒரு முதுகு.

சிவதாணு பிள்ளையின் முதுகு அது. பேத்தியை ஆசீர்வதிக்க, கை நிறைய அட்சதையும் பூவுமாக, மேடையின் மையத்துக்கு வந்துவிட்டார். எந்தக் கல்யாணத்திலும் தலைவர் நிற்கும் இடம் அதுதான். வழக்கமாக யாராவது ஒரு போட்டோகிராபர், “சாரே, ஒண்ணு மாறணே,” என்று கெஞ்சுவான், அவர் பெரிய மனதோடு அரை அடி நகர்வார். இன்று கெஞ்ச ஆளில்லை. பின்னால் இருந்த இயந்திரத்தை அவர் மறந்தே போனார். முகம் இல்லாத ஒன்றை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க முடியும்?

பக்கவாட்டில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீகுமார், “பாட்டா, கொஞ்சம் மாறி,” என்றான். சிவதாணு நேரியலைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். முதுகு இன்னும் அகலமானது.

திவ்யா போனில் அழுத்தினாள். படத்தில் முதுகு விழுந்தது. மறுபடி அழுத்தினாள். முதுகு. வெளியே மேடையோரத்தில் நாகஸ்வரமும் தவிலும் வேகம் பிடித்தன. “கெட்டிமேளம், கெட்டிமேளம்,” என்று யாரோ விரலை ஆட்டிக் கத்துவது சுவர் வழியாகக் கேட்டது.

அவள் எழுந்தாள். வெள்ளைத் துண்டு கீழே விழுந்தது. சாம்பார் வாளியோடு எதிரே வந்தவன் ஒதுங்கினான். கூடத்துக்குள் நுழைந்து, நடுவழியாக, நாற்காலி வரிசைகளுக்கு இடையே நடந்தாள். மூன்றாம் வரிசையில் கோமதியம்மாள் மகளின் முந்தானையை எட்டிப் பிடித்தாள்.

“எங்கட்டி போறே?”

“படம் எடுக்க.”

கோமதியம்மாள் ஒரு விநாடி யோசித்தாள். அப்புறம் முந்தானையை விட்டாள். விட்டதோடு நிற்காமல், வழியில் நீட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியின் காலையும் தட்டி மடக்கினாள்.

திவ்யா மேடையேறினாள். முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றினாள். ராகேஷ் தாலியைக் கையில் எடுத்துவிட்டான். அவன் தங்கை ஜானவியின் பின்னால் விளக்கோடு குனிந்துவிட்டாள்.

“மாமா, மாறுங்கோ.”

சிவதாணு திரும்பிப் பார்த்தார். பார்க்கக் கூடாத முகம், பார்க்கக் கூடாத நேரத்தில், ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அவர் வாய் திறந்தது. கால் நகரவில்லை.

“இது நேரமில்ல மக்ளே,” என்றார்.

“இதான் மாமா நேரம்.”

வலது கையை, குலத்தின் அடுத்த நூறு ஆண்டுகள் இருந்த அதே கையை, அவர் தோளில் வைத்தாள். தள்ளினாள் என்று சொல்ல முடியாது. நகர்த்தினாள். அவர் இடது பக்கமாக எங்கேயோ போனார். எங்கே என்று அவள் பார்க்கவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

குரவை எழுந்தது. பூ பறந்தது. ஜானவி நிமிர்ந்து, எதிரே நிற்பது யார் என்று கண்டு, கல்யாணப்பெண் சிரிக்க வேண்டிய அளவுக்கு மேலேயே சிரித்தாள். முதல் முடிச்சு. இரண்டாவது. மூன்றாவதை நாத்தனார் போட்டாள். விளக்கு அணையவில்லை. கரண்டு போகவில்லை. தவிலில் ஒரு அடி தப்பியதுபோல மட்டும் இருந்தது. அதுவும் உடனே சரியாயிற்று. திவ்யா எடுத்துக்கொண்டே இருந்தாள். ஜானவியை அவள் தாய் கட்டிக்கொண்டபோதுதான் கேமராவை இறக்கினாள். அதற்குள் வேண்டியதெல்லாம் விழுந்துவிட்டது.

கூடத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. பந்தியில் உட்காருவதற்குள் அது பேச்சாக மாறி, பருப்பு விழுவதற்குள் கட்சிகளாகப் பிரிந்துவிடும் போலிருந்தது. கமிட்டி உறுப்பினர்கள் கைகழுவும் இடத்தில் தாணுலிங்கத்தைச் சூழ்ந்தார்கள். உம்ம ஏற்பாடு இப்படிச் சந்தி சிரித்துவிட்டதே என்றார்கள்.

தாணுலிங்கம் நிதானமாகக் கையைத் துடைத்தார்.

“தாலி ஏறும்போ அவ முகத்தை நீரு பாத்தீரா?”

“பாக்காம? நேர் முன்னால நின்னாளே.”

“முகத்தைப் பாத்தீராவே? கேமரா அல்லவா இருந்துது முகத்துல. மறைச்சுப்போட்டுல்லா. கேமராவுக்குக் கீழே ரெண்டு கை. அவ்வளவுதான் நீரும் பாத்தது, நானும் பாத்தது. கமிட்டி சொன்னது அப்படியே நடந்திருக்கு.”

எல்லோரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க அது சரியாகவே பட்டது. தாலி கட்டும் நேரத்தில் கேமரா வைத்திருக்கும் எவளுக்கும் முகம் கிடையாது என்ற இந்தக் கண்டுபிடிப்பைப் பந்தி முடிவதற்குள் ஊர் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பாயசத்தின்போது, அது தொடக்கத்திலிருந்தே தன் கருத்து என்று ஒருவர் சொன்னார்.

திவ்யாவிடமும் வந்து சொன்னார்கள். அவள் பிரதமன் பாயசத்தைப் பப்படத்தோடு நொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “நீங்க எப்படி வேணும்னாலும் சொல்லிக்கோங்கோ. அடுத்த கல்யாணத்துக்கு நான் எங்க நிப்பேன்னு மட்டும் நல்ல ஞாபகம் இருக்கட்டும்,” என்றாள். அந்த வாரமே மிளகுக் கடைக்காரர் தம் இளைய மகனின் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். அவள் முதலில் சொன்னது நிற்கும் இடத்தை. அவர் சாயாவைப் பற்றிப் பேசவே இல்லை. இணையப் பக்கத்திலிருந்து குத்துவிளக்கு போயிற்று.

முகூர்த்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் போட்டு, இரு வீட்டிலும் மாட்ட வேண்டும் என்றாள் நீலாம்பாள். அவளே தேர்ந்தெடுத்தாள். படத்தில் அவள் மணவறைக்கு இடப்பக்கம், கழுத்தைச் சற்றே திருப்பி, ராணிபோல நின்றிருந்தாள்.

சிவதாணு மாடியேறி வந்தார். இந்தத் தடவை தனியாக.

“இடது ஓரத்துல கொஞ்சம் வெட்ட முடியாதா மக்ளே?”

“வெட்டினா சம்பந்தியம்மாவும் போவா மாமா. பரவால்லியா? நான் கேட்டுச் சொல்லட்டா?”

“கேக்காண்டாம்,” என்றார் அவசரமாக. “அப்போ வேற படம் போடேன். போன்ல ஞெக்கி எடுத்தியே, அது.”

“அதுல மணவறையே இல்ல மாமா. உங்க முதுகுதான் இருக்கு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தைக் குனிந்து பார்த்தார். கீழே மண்டியில் யாரோ வெல்லத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், சட்டம் தேக்கில் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறது. ஜானவி சிரிக்கிறாள். ராகேஷின் விரல்கள் இரண்டாம் முடிச்சில் இருக்கின்றன. இடது ஓரத்தில், வியாபாரிகள் சங்கத் தலைவர் சிவதாணு பிள்ளை தவில்காரரின் மடியில் உட்கார்ந்திருக்கிறார்.